எங்கள் பேட்டைப் பலதுறை மருந்தகம்: மருத்துவர்களுக்கு 5, வரிசைக்கு 3

சிங்கப்பூரில் எங்கள் பேட்டையில் இருக்கும் பலதுறை மருந்தகத்துக்கு (மருத்துவர், ரத்தப் பரிசோதனை, மருந்து எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் பாலிகிளினிக்) என் மதிப்பெண் இது. மருத்துவர்களுக்கும் தாதியர்களுக்கும் 5-க்கு 5. மருந்து கவுண்டருக்கு நாலரை. மருத்துவர் அறைக்கு வெளியே மக்களைக் காக்க வைக்கும் விதத்துக்கு 3-க்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. இந்த மூன்றாவது மதிப்பெண்ணைப் பற்றித்தான் நிறைய எழுதப் போகிறேன். அதைச் சரிசெய்யப் புதிய கட்டடமோ கூடுதல் மருத்துவர்களோ வேண்டியதில்லை. எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கணித அறிஞர் வழி கண்டுபிடித்து எழுதி வைத்துவிட்டார்.

மருந்தகத்தின் பெயரைப் போடவில்லை. குறை ஏற்பாட்டில் இருக்கிறது, அங்கே நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களிடம் இல்லை. பெயரைப் போட்டால் வசவு அவர்கள் மேல்தான் விழும்.

நான் தொலைபேசித் துறையில் டிராஃபிக் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு வட்டாரங்களுக்கு நடுவில் எத்தனை இணைப்புகள் போட்டால், பரபரப்பான நேரத்திலும் நூற்றுக்கு ஒரு அழைப்புக்கு மேல் தவறாது என்று கணக்குப் போடுவது என் வேலை. அந்தக் கணக்கைத் தொடங்கி வைத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஆக்னர் கிராரப் எர்லாங். 1908-ல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் சேர்ந்து 1929-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். 1909-ல் முதல் கட்டுரை வந்தது. 1917-ல் வந்த சூத்திரத்தை வைத்துத்தான் என் தலைமுறைப் பொறியாளர்கள் சோறு சாப்பிட்டோம். அளவெடுக்க வேண்டுமென்றால், ஏணி தூக்கும் ஒரு தொழிலாளியைக் கூட்டிக்கொண்டு தெருவில் போய் மேன்ஹோலுக்குள் இறங்கிவிடுவாராம் எர்லாங். எனக்கு அவரிடம் பிடித்ததே அதுதான். வரிசை எங்கே நிற்கிறதோ அங்கே போய்ப் பார்க்காமல் அதைப் பற்றிப் பேசக்கூடாது.

என் அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றும் உண்டு. மூத்த தலைமுறைக்கு அரசு கொடுத்த முன்னோடித் தலைமுறை அட்டை இருப்பதால், மானியம் போக மிஞ்சும் கட்டணத்திலும் பாதி கழிந்துவிடுகிறது. பணம் பிரச்சினை இல்லை. நேரம்தான் பிரச்சினை. அம்மாவோடு உட்கார்ந்திருக்கும் நேரத்தில், யார் எப்போது வந்தார்கள், எப்போது உள்ளே போனார்கள் என்று ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்வது பழக்கமாகிவிட்டது. இந்த மதிப்புரை அந்த நோட்டிலிருந்து வருகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஹெல்த்ஹப் செயலியில் நேரம் எடுப்பது சுலபம். வாசலில் இருக்கும் இயந்திரத்தில் அடையாள அட்டையைக் காட்டினால் ஒரு வரிசை எண் வரும். ரத்தப் பரிசோதனை, மருத்துவர், மருந்து, கட்டணம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே எண்தான். ஒவ்வொரு கவுண்டரிலும் புதுச் சீட்டு கிழிக்க வேண்டியதில்லை. வயதானவர்களுக்கு இது பெரிய உதவி. பதிவு செய்யும் இடத்தில் ஒரு தமிழ்ப் பெண் இருக்கிறார். அம்மாவைப் பார்த்ததும், "ஆன்ட்டி, வெறும் வயிறுதானே? தலை சுத்துதா?" என்று கேட்டுவிட்டுத்தான் அட்டையை வாங்குவார். சுத்தினால் எங்கே உட்கார வைக்க வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

ரத்தப் பரிசோதனையில் காலையில் கூட்டம் இருக்கத்தான் செய்யும். வெறும் வயிற்றோடு வர வேண்டியவர்கள் எல்லாரும் கதவு திறக்கும் எட்டு மணியைத்தான் விரும்புவார்கள். பெரியவர்கள் இன்னும் அரை மணி முன்பே வந்து வாசலில் நிற்பார்கள். வருகை ஒரே நேரத்தில் குவிந்தால் எத்தனை கவுண்டர் திறந்தாலும் கொஞ்ச நேரம் நெரிசல்தான். ஆனால் ரத்தம் எடுக்கும் வேலை எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம் பிடிக்கும். அதனால் அந்த நெரிசல் சீக்கிரம் கரைந்துவிடுகிறது. அம்மாவுக்கு நரம்பு கிடைப்பது கஷ்டம். ஒரு மலாய்த் தாதி இருக்கிறார், அவர் தொட்டால் முதல் தடவையிலேயே கிடைத்துவிடும். அவர் பெயரைப் பாராட்டுப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இனி மருத்துவர் அறைக்கு வருவோம்.

எங்கள் மருந்தகத்தில் நேரம் குறித்து வந்தவர்களும் காத்திருக்கிறார்கள். பத்தரை மணிக்கு என்றால் சில நாள் பத்து நாற்பதுக்கு உள்ளே போகலாம், சில நாள் பன்னிரண்டு ஆகிவிடும். மருத்துவர் மெதுவாகப் பார்க்கிறார் என்று பக்கத்தில் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். அது உண்மையில்லை, என் நோட்டும் அப்படிச் சொல்லவில்லை. மருத்துவர் ஒரு நிமிடம் சும்மா இருப்பதில்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

ஒரு மருத்துவர் ஒரு நோயாளிக்குச் சராசரியாக 8 நிமிடம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளிகள் தாறுமாறாக வருகிறார்கள், ஒருவருக்கு 3 நிமிடத்தில் முடிகிறது, இன்னொருவருக்கு 25 ஆகிறது. இந்த நிலையில் மருத்துவர் தன் நேரத்தில் 80% வேலையாக இருந்தால், வெளியே காத்திருக்கும் நேரம் சராசரியாக 32 நிமிடம். 90% வேலையாக இருந்தால் 72 நிமிடம். 95% என்றால் 152 நிமிடம், அதாவது இரண்டரை மணி நேரத்துக்கு மேல். கடைசி ஐந்து சதவீதத்தைப் பிழிந்தெடுப்பதற்கு வெளியே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் கூடுதலாக ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் கொடுக்கிறார்கள். வேலை பளுவுக்கு நேர்விகிதத்தில் காத்திருப்பு கூடும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள், நிர்வாகிகள் உட்பட. நூறு சதவீதத்தை நெருங்க நெருங்க அது செங்குத்தாக ஏறும்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டிய சொல் ‘தாறுமாறாக’. 1961-ல், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஜான் கிங்மன் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர், நெரிசலான வரிசைகளுக்கு ஒரு தோராயச் சூத்திரம் கொடுத்தார். மூன்று எண்களைப் பெருக்கினால் காத்திருப்பு வந்துவிடும். வேலைப்பளு எவ்வளவு, வருகையும் சேவை நேரமும் எவ்வளவு ஏறி இறங்குகின்றன, ஒருவருக்குச் சராசரியாக எவ்வளவு நேரம். பளுவைக் குறைக்க முடியாவிட்டாலும் ஏற்ற இறக்கத்தைக் குறைத்தால் காத்திருப்பு குறையும். நேரம் குறித்துக் கொடுப்பதன் பயனே வருகையின் தாறுமாறைக் குறைப்பதுதான். நேரம் குறித்த பிறகும் இவ்வளவு காத்திருக்கிறோம் என்றால், குறிக்கும் விதத்தில் ஏதோ சரியில்லை.

நான் முதலில் சொன்ன கணித அறிஞர் இங்கேதான் வருகிறார். நார்மன் பெய்லி. பிரிட்டிஷ் மருத்துவமனைகளின் வெளிநோயாளர் பிரிவை எடுத்துக்கொண்டு, அங்கே காத்திருப்பு ஏன் இவ்வளவு நீள்கிறது என்று ஆராய்ந்து 1952-ல் வெளியிட்டார். அப்போதெல்லாம் பல இடங்களில் ஒரு கூட்டத்தையே ஒன்பது மணிக்கு வரச்சொல்லிவிடுவார்கள். மருத்துவர் வந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். மருத்துவருக்குக் காத்திருக்க வேண்டிய அவசியமே வராது, நோயாளிகளுக்குக் காத்திருப்பதே வேலை. பெய்லிக்குக் கணினி வசதி கிடையாது. சமவாய்ப்பு எண்களை (குலுக்கலில் வருவதுபோல் முன்கூட்டிச் சொல்ல முடியாத எண்கள்) வைத்துக் காகிதத்திலேயே கற்பனையாக மருத்துவ அமர்வுகளை நடத்தினார். ஒரு அமர்வுக்கு 25 நோயாளிகள், ஒருவருக்குச் சராசரி 5 நிமிடம், ஒவ்வொருவரின் நேரமும் எண் சொல்கிறபடி கூடும், குறையும். யார் எவ்வளவு காத்திருந்தார், மருத்துவர் எவ்வளவு நேரம் சும்மா இருந்தார் என்று கூட்டிப் பார்த்தார். இதைக் கையால் செய்ய எத்தனை பொறுமை வேண்டும் என்பது கையால் டிராஃபிக் அட்டவணை போட்டவர்களுக்குத் தெரியும்.

அவர் கண்ட முடிவு எளிமையானது. சராசரி ஆலோசனை நேரம் எவ்வளவோ அந்த இடைவெளியில் ஒவ்வொருவராக வரச்சொல்லுங்கள். மருத்துவர் இரண்டாவது நோயாளி வரும் நேரத்துக்கு வந்தால் போதும். அதாவது, தொடங்கும்போது இரண்டு பேர் இருக்க வேண்டும், அதற்கு மேல் சேர்க்க வேண்டாம். ஒருவர் வராமல் போனாலோ சீக்கிரம் முடிந்தாலோ மருத்துவர் கை கட்டி உட்கார வேண்டியிருக்காது. அதே நேரம் பத்துப் பேர் வெளியே தவம் கிடக்கவும் வேண்டாம்.

விதியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர் கணக்கைப் போட்ட விதம். மருத்துவரின் சும்மா இருக்கும் நேரம், நோயாளியின் காத்திருக்கும் நேரம், இரண்டையும் ஒரே தராசில் வைத்தார். மருத்துவரின் ஒரு நிமிடத்துக்கு நோயாளியின் எத்தனை நிமிடத்தைக் கொடுக்கத் தயாராக இருக்கிறோம் என்று வெளிப்படையாகக் கேட்டார். யாரும் அந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால், நோயாளியின் நேரத்துக்கு விலை இல்லை என்று பதில் சொல்லிவிட்டோம் என்று பொருள்.

பெய்லியின் பிற்கால வேலையும் மருத்துவத்தோடே போனது. 1954-ல் ஒரே நேரத்தில் ஒரு கூட்டத்துக்கே சேவை கொடுக்கும் வரிசைகளைப் பற்றி எழுதினார். மின்தூக்கிக்குக் காத்திருப்பது அந்த ரகம். சக்கர நாற்காலிகள் நிறைய வரும் எங்கள் மருந்தகத்தின் மின்தூக்கி அதற்கு நல்ல பாடம். 1957-ல் தொற்றுநோய்ப் பரவலின் கணிதத்தைப் பற்றி நூல் எழுதினார். பின்னாளில் ஜெனிவாவில் உலகச் சுகாதார நிறுவனத்தில் பணியாற்றினார். ஒருவர் வந்து வரிசையில் சேர்வதும், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நோய் தொற்றுவதும் நிகழ்தகவுக் கணிதத்தில் நெருங்கிய உறவுக்காரர்கள். கொவிட் காலத்தில் செய்திகளில் வளைகோடுகள் வந்தபோதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வந்தது.

சரி, எங்கள் மருந்தகத்துக்கு இது எப்படிப் பொருந்தும்? நான் பார்த்தவரை, காலை அமர்வின் தொடக்கத்தில் ஒரு மருத்துவருக்கு ஆறேழு பேர் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் குவிந்துவிடுகிறார்கள். அந்தக் கடன் மதியம்வரை தீர்வதில்லை. பதினொரு மணிக்காரர் சுமப்பது எட்டு மணிக்காரரின் கடனை. இன்னொன்று, இன்சுலின் புதிதாகத் தொடங்குபவருக்கும், வழக்கமான மாத்திரையை நீட்டிக்க வந்தவருக்கும் ஒரே அளவு இடைவெளி. முதலாமவருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிப்பட்டவர்களை அமர்வின் பிற்பகுதியில் வைத்தால், அவர்களால் வரும் தாமதம் கொஞ்சப் பேரோடு நின்றுபோகும். இப்போது காலையில் முதல் ஆளாகவே வந்துவிடுகிறார்கள். பின்னால் இருக்கும் எல்லாருக்கும் தாமதம் பரவுகிறது.

எல்லா மருத்துவர்களுக்கும் ஒரே வரிசை வைத்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். கணக்குப்படி அது சரி. மேலே சொன்ன 80% நிலையில், இரண்டு மருத்துவர்களுக்கு இரண்டு தனி வரிசை இருந்தால் காத்திருப்பு 32 நிமிடம். அதே இருவருக்கும் பொது வரிசை வைத்தால் சுமார் 14 நிமிடம். எர்லாங்கின் அட்டவணையும் இதைத்தான் சொல்லும். 5 எர்லாங் அழைப்புகளுக்கு, அதாவது ஒரே நேரத்தில் சராசரியாக 5 அழைப்பு ஓடும் அளவுக்கு, நூற்றுக்கு ஒன்றுதான் தவறலாம் என்ற தரத்தில் 11 இணைப்பு வேண்டும். அழைப்பு இரண்டு மடங்காகி 10 எர்லாங் ஆனால் 22 வேண்டாம், 18 போதும். சேர்த்து வைத்தால் சிக்கனம்.

ஆனாலும் நாள்பட்ட நோய்க்காரர்களுக்கு இதைக் கேட்க மாட்டேன். அம்மாவை எப்போதும் ஒரே மருத்துவர் குழுதான் பார்க்கிறது. போன தடவை அந்த மருத்துவர் கணினியைத் திறக்கும் முன்பே, "வலது கால் பெருவிரல் புண் ஆறிடுச்சா?" என்று கேட்டார். அவர் சீனர். ஆங்கிலத்தில் கேட்டு, கையால் தன் காலையும் தொட்டுக் காட்டினார். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது, உடனே செருப்பைக் கழற்றினார். தொலைபேசி இணைப்புக்கு முகம் கிடையாது, எந்த இணைப்பில் போனாலும் பேச்சு ஒன்றுதான். மருத்துவர் அப்படி இல்லை. கொஞ்சம் கூடுதலாகக் காத்திருந்து அவரையே பார்ப்பதுதான் சரி என்று நினைக்கிறேன். சளி, காய்ச்சல் என்று வருபவர்களைக் காலியாக இருக்கும் மருத்துவரிடம் அனுப்புகிறார்கள். அதுவும் சரியான முடிவு. இந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கும் ஆள் யாராக இருந்தாலும் அவருக்கு வணக்கம்.

நான் 3 மதிப்பெண்ணோடு நிறுத்தியதற்கு முக்கியக் காரணம் திரை. மருத்துவர் அறைக்கு வெளியே இருக்கும் திரையில் எண்கள் வரிசைப்படி வராது. 4-க்குப் பிறகு 31 வரும், அப்புறம் 9. நேரம் குறித்தவர், குறிக்காதவர், பரிசோதனை முடித்துத் திரும்பி வருபவர் என்று கலந்து கூப்பிடுவதால் அப்படி. அதில் தவறில்லை. ஆனால் நமக்கு முன்னால் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. எவ்வளவு தாமதம் என்றும் போடுவதில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பும், காரணம் சொல்லாத காத்திருப்பும் அதிக நீளமாகத் தோன்றும் என்று மேலாண்மை ஆய்வாளர் டேவிட் மைஸ்டர் 1985-லேயே எழுதினார். எங்கள் மருந்தகத்தில் அது தோற்றத்தோடு நிற்கவில்லை. அம்மா தண்ணீர் குடிக்க மறுக்கிறார். குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும், போன நேரத்தில் எண் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுத்துவிட்டு வந்த எண்பது வயதுக்காரர், சர்க்கரை நோயாளி, பதினொன்றரை மணிவரை வாய் நனைக்காமல் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் மட்டுமில்லை. சுற்றிப் பார்த்தால் அந்த வரிசையில் பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். கீழே கோப்பிக்கடை இருக்கிறது. "இன்னும் நாற்பது நிமிடம் ஆகும்" என்று ஒரு வரி போட்டால் இவர்கள் போய் ஒரு தோசை சாப்பிட்டு வரலாம். அந்த ஒரு வரிக்குத் தேவையான எண்கள் எல்லாம் அவர்களின் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன.

மருந்து கவுண்டரில் நிலைமையே வேறு. பல கவுண்டர், ஒரே வரிசை, எண்கள் ஒழுங்காக வரும். இங்கே உங்களுக்கு ஒரு வழி சொல்லித் தருகிறேன். 1961-ல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் நிரூபித்த விதி இது. ஒரு இடத்தில் சராசரியாக எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது, நிமிடத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதையும் ஒருவர் எவ்வளவு நேரம் அங்கே இருக்கிறார் என்பதையும் பெருக்கினால் வந்துவிடும். வருகை தாறுமாறாக இருந்தாலும் சரி, ஒழுங்காக இருந்தாலும் சரி, விதி மாறாது. அதனால் மருந்துக்கு உட்காரும்போது முன்னால் இருப்பவர்களை எண்ணுங்கள். முப்பது பேர் என்று வையுங்கள். இரண்டு மூன்று நிமிடம் திரையைப் பாருங்கள், நிமிடத்துக்கு எத்தனை எண் நகர்கிறது என்று தெரியும். இரண்டு என்றால் உங்களுக்குப் பதினைந்து நிமிடம். எங்கள் மருந்தகத்தில் இந்தக் கணக்குப் பெரும்பாலும் பொய்த்ததில்லை. மருத்துவர் அறைக்கு வெளியே இதைச் செய்ய முடியாது, ஏனென்றால் அங்கே யார் எந்த மருத்துவருக்குக் காத்திருக்கிறார் என்றே தெரியாது.

மருந்தாளர்கள் அவசரப்படுத்துவதில்லை. மாத்திரைப் பையில் காலை, இரவு என்று படம் போட்டுக் காட்டுவார்கள். மருந்தை வீட்டுக்கே அனுப்பும் சேவையும் உண்டு. மாத்திரை மாறாதவர்கள் அதை எடுத்துக்கொண்டால் இந்த வரிசையே வேண்டாம். நாங்கள் எடுப்பதில்லை, மருந்தாளரிடம் நேரில் கேட்டால்தான் அம்மாவுக்குத் திருப்தி.

இங்கே வரப்போகிறவர்களுக்கு ஒன்று. ரத்தப் பரிசோதனையையும் மருத்துவரையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். ஒரு வாரம் முன்பே வந்து ரத்தம் கொடுத்துவிடுங்கள். மருத்துவரைப் பார்க்க மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கும் அமர்வின் முதல் நேரத்தைக் கேளுங்கள். கடன் இல்லாத நேரம் அதுதான்.

மருந்தகத்தின் கருத்துப் படிவத்தில் மூன்று கோரிக்கைகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அமர்வு தொடங்கும்போது ஒரு மருத்துவருக்கு இரண்டு பேரை மட்டும் வரச்சொல்லிவிட்டு, மற்றவர்களைச் சராசரி இடைவெளியில் வரச்சொல்லுங்கள். திரையில் ஒவ்வொரு அறைக்கும் எத்தனை நிமிடத் தாமதம் என்று போடுங்கள். சராசரிக் காத்திருப்பை மட்டும் அளக்காமல், பத்தில் ஒன்பது பேர் எத்தனை நிமிடத்துக்குள் உள்ளே போனார்கள் என்பதையும் அளந்து சுவரில் ஒட்டுங்கள், ஏனென்றால் பன்னிரண்டு மணிவரை தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பத்தாவது ஆள் சராசரியில் தெரிய மாட்டார். படிவத்தை வாங்கிக்கொண்ட பெண், மேலாளரிடம் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார். பதில் வந்தால் இதிலேயே சேர்க்கிறேன், மதிப்பெண்ணையும் அப்போது மாற்றுவேன்.